சிரிக்க வைத்த நாவு

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திருவிழாக் காலங்களில் விடிய விடிய நாடகம் நடப்பதுண்டு. வள்ளி திருமணமாயினும் அரிச்சந்திர நாடகமாயினும், ராஜபார்ட் மேடையேறுமுன் பபூன் வந்துவிடுவார். கூட்டத்தை அமர வைப்பது அவர் பொறுப்பு. தூங்கி விழுவோரை எழுப்பி வைப்பதும் அவர் பொறுப்பே. ஆயினும் விடிந்தபின் மக்கள் ராஜபார்ட்டின் பாட்டைப் பற்றிப் பேசுவார்களேயன்றி, பபூனின் உள்ளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சிரிக்க வைப்பவனுக்கும் உள்ளம் ஒன்று உண்டு என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த ஒப்புதலைத் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் பெற்ற ஒரு கலைஞரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன். கோழிக்கோட்டைச் சேர்ந்த மாமுக்கோயா அவர்கள் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். நகைச்சுவை வேடங்களால் பெயர் பெற்றவர். பின்னர் குணசித்திர நடிகராக உயர்ந்தவர். 2023 ஏப்ரல் 26-இல் தமது 76-ஆம் வயதில் மறைந்தவர். அரபு ஓதிக் கொடுக்கும் ஒருவன் சினிமா நடிகரைப் பற்றி எழுதலாமா என்று சில அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். நடிப்புத் தொழில் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு முஸ்லிம், தம் வீட்டில் பேசிய மொழியையே ஊரறியப் பேசி, முதலில் சிரிப்பையும் பின்னர் மதிப்பையும் ஈட்டிய வரலாறே எனக்கு வேண்டுவது. அதில் நம் பிள்ளைகளுக்கான பாடம் ஒன்று உண்டென்று கருதுகின்றேன்.

மலையாளத் திரைப்பட நடிகர் எங்கள் பகுதியில் அறிமுகமானது எவ்வாறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போடியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், மலையின் மடியில் இருப்பது குரங்கணி. அதற்கு மேலே டாப் ஸ்டேஷன்; அதற்கப்பால் மூணாறு. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை சிறிய ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கி, வண்டிகளில் போடிக்குப் போயிற்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. பாதை போயிற்றே தவிர, உறவு போகவில்லை. போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் வேலைக்குப் போகும் எம்மவர், மாலையில் கூலியோடு கொஞ்சம் மலையாளத்தையும் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அங்கே பார்த்த படங்களின் கதையும் உடன் வரும். இப்போதோ கைப்பேசியில் படமே வந்துவிடுகிறது.

மாமுக்கோயா 1946-இல் பிறந்தவர். கோழிக்கோட்டுக்கு அருகே கல்லாய் என்னும் இடம் மர வாணிபத்துக்குப் பெயர் பெற்றது. மேற்கு மலைக் காடுகளில் வெட்டிய மரங்கள் ஆற்றில் மிதந்து அங்கே வந்து சேரும். அம்மரங்களை அளந்து கணக்கெடுப்பது இளமையில் அவருக்கு வாய்த்த தொழில். பகலில் மரம் அளப்பார். மாலையில் நாடகம் நடிப்பார். அக்காலத்துக் கோழிக்கோடு நாடகத்தின் விளைநிலம். கே. டி. முஹம்மது போன்றோர் மாப்பிள்ளை முஸ்லிம்களின் வீட்டுக்குள் நடப்பதையே நாடகமாக்கி, சமுதாயத்தின் குறைகளைச் சமுதாயத்தின் மொழியிலேயே எடுத்துரைத்தனர். அந்த மேடைகளின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் மாமுக்கோயா.

1979-இல் நிலம்பூர் பாலன் இயக்கிய ‘அந்யருடெ பூமி’ என்னும் படத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். எழுத்துலக மேதை வைக்கம் முஹம்மது பஷீரின் பரிந்துரையால் ‘சுறுமயிட்ட கண்ணுகள்’ என்ற படத்தில் அடுத்த வாய்ப்புக் கிடைத்தது. எனினும் நாடறிந்த முகமானது 1986-இல்தான். சிபி மலயில் இயக்கிய ‘தூரே தூரே ஒரு கூடு கூட்டாம்’ என்ற படத்தில் அவருக்குக் கிடைத்த வேடம், பள்ளிக்கூடத்து அரபு முன்ஷி! என்னைப் போன்றோரின் வேடத்தில்தான் அவர் மக்களைச் சிரிக்க வைக்கத் தொடங்கினார் என்பதை எண்ணும்போது, எனக்குச் சிறிது நாணமும் சிறிது உரிமையும் ஒருங்கே தோன்றுகின்றன.

அடுத்த ஆண்டு, 1987-இல், சத்யன் அந்திக்காடு இயக்கிய ‘நாடோடிக்காற்று’ வெளிவந்தது. வேலையற்ற இரு இளைஞர்கள் துபாய்க்குப் போக விரும்புகிறார்கள். கஃபூர்க்கா என்னும் ஆள் அவர்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு மரக்கலத்தில் ஏற்றுகிறார். அரபு நாட்டில் இறங்கியதும் அரபு உடை உடுத்தால் போதும்; ஸலாமும் அதற்கு மறுமொழியும் சொல்லத் தெரிந்தால் போதும் என்று பாடம் நடத்துகிறார். இளைஞர்கள் நீந்திக் கரையேறி, நீண்ட வெள்ளங்கியோடு நடக்கிறார்கள். பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கின்றன. அவர்கள் வந்து சேர்ந்த ‘துபாய்’ நம் சென்னை! கஃபூர்க்கா திரையில் தோன்றுவது சிறிது நேரமே. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மலையாள நாடு அவரை மறக்கவில்லை.

இந்தக் காட்சி கைப்பேசி வழியே எங்கள் மதரஸாப் பிள்ளைகளையும் வந்தடைந்தது. ஒருநாள் மாலை வகுப்பில் இரு சிறுவர்கள், ஸலாமையும் அதன் மறுமொழியையும் ஒரே மூச்சில், தோளை ஒருபுறம் சாய்த்து, கஃபூர்க்காவைப் போல் சொல்லிக் காட்டினர். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சாந்தியை வேண்டும் ஒரு துஆ இப்படிச் சிரிப்புக்குரிய பொருளாகிவிட்டதே என்று என் நெஞ்சு வருந்தியது. பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அந்த வருத்தத்தோடுதான் அடுத்த வாரம் குரங்கணியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குச் செல்ல ஜீப்பில் ஏறினேன்.

அந்த ஜீப்பின் ஓட்டுநர் நம் சமுதாயத்தவர். மலைக்கு அப்பாலும் இப்பாலும் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். வழியில் அவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் சிறிது தூரம் பேசாமல் வண்டியைச் செலுத்திவிட்டுப் பின்வருமாறு கூறினார்:

“ஹஜ்ரத், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. அந்த ஆளு ஸலாத்தைக் கேலி பண்ணலை. ஸலாத்தை வச்சு ஊரை ஏமாத்துறவனைத்தான் காட்டுறாரு. அப்படி ஆளு நம்ம ஊருல இல்லையா? இன்னொண்ணு ஹஜ்ரத், அவரு பேசுறது அவரு ஊருப் பேச்சு. அவங்க உம்மா பேசுன பேச்சு. நம்ம சினிமாவுல பாய்னு ஒருத்தரைக் காட்டுறாங்களே, அவரு பேசுறது எந்த ஊருப் பேச்சு?”

அந்த வினா மலை ஏறும் வரையில் என்னை விடவில்லை. இன்றளவும் விடவில்லை.

தமிழ்த் திரையில் நெடுங்காலமாக வந்துபோகும் ‘பாய்’ ஒருவர் உண்டு. பச்சை இடைவாரும் கட்டம் போட்ட கைலியும் அவருடைய அடையாளங்கள். ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று ஒரு விந்தைத் தமிழ் பேசுவார். நல்லவராகவே இருப்பார், நண்பனுக்காக உயிரையும் கொடுப்பார், ஆயினும் அவர் பேசும் தமிழைக் காயல்பட்டினத்திலும் கேட்க முடியாது, கம்பத்திலும் கேட்க முடியாது. தமிழ்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழே. ‘ஸலாத்’ என்பதை நாம் ‘தொழுகை’ என்றோம். ‘ஸவ்ம்’ என்பதை ‘நோன்பு’ என்றோம். ‘மஸ்ஜித்’ என்பதைப் ‘பள்ளிவாசல்’ என்றோம். வடநாட்டவர் நமாஸ் என்றும் ரோஜா என்றும் பாரசீகச் சொற்களை ஆளும் இடத்தில், நாம் பசுந்தமிழ்ச் சொற்களை ஆண்டு வருகின்றோம். பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றை உமறுப்புலவர் சீறாப்புராணமாகப் பாடிய மொழி இது. இந்தச் சமுதாயத்துக்குத் திரையில் கிடைத்தது ஒரு பொய் நாவு. அதைக் கேட்டு நாமும் சிரித்துவிட்டுப் போனோம்.

மாமுக்கோயாவின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது. மலையாளத் திரையிலும் முஸ்லிமின் பேச்சைக் கேலிக்குரியதாகக் காட்டும் வழக்கம் இல்லாமற் போகவில்லை. ஆயின் அவர் அந்தப் பேச்சைப் புனைந்துகொண்டு பேசவில்லை. அது அவருடைய சொந்தப் பேச்சு. கோழிக்கோட்டு வட்டாரத்தில் ‘நீங்கள்’ என்பது ‘இங்ஙள்’ ஆகும். ‘அவன்’ என்பது ‘ஓன்’ ஆகும். அந்தப் பேச்சோடே அவர் மீன் விற்பவராகவும் தரகராகவும் தேநீர்க் கடைக்காரராகவும் திரையில் உலவினார். 400-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தும் வேடத்துக்காக நாவை மாற்றிக்கொள்ளவில்லை. மக்கள் முதலில் அப்பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு அப்பேச்சில் ஒருவர் மறுமொழி கூறும்போது எதிரில் நிற்பவரின் பகட்டுச் சரிவதைக் கண்டு சிரித்தார்கள். இவ்விரு சிரிப்புக்கும் இடையில் பெருந்தூரம் உண்டு. முன்னதில் சிரிக்கப்படுபவர் அவர். பின்னதில் சிரிக்கப்படுவது பிறருடைய ஆணவம்.

சிரிப்பைக் கடந்து அவர் நிற்பதை நான் கண்டது 2004-இல் வெளிவந்த ‘பெருமழக்காலம்’ என்னும் படத்தில். கமல் என்னும் மலையாள இயக்குநர் எடுத்த படம் அது. சவூதி நாட்டில் வேலை பார்க்கும் கேரள இளைஞர் ஒருவரின் கையால் நண்பர் ஒருவர் இறந்துவிடுகிறார். இளைஞருக்கு மரண தண்டனை. இறந்தவரின் மனைவி மன்னித்துக் கடிதம் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம். அவளோ பாலக்காட்டு அந்தணர் குடும்பத்துப் பெண். தண்டனை பெற்றவரின் இளம் மனைவி ரஸியாவோடு அந்த வாசலுக்குச் செல்லும் தந்தை அப்துவாக வருகின்றார் மாமுக்கோயா.

குரங்கணி வீட்டில், அன்றிரவு மழை பெய்துகொண்டிருக்கையில், உறவினர் பிள்ளை ஒருவன் இந்தப் படத்தைக் காட்டினான். அந்தக் கோழிக்கோட்டுப் பேச்சு அப்படியே இருந்தது. சாய்ந்த தோளும் அப்படியே இருந்தது. கஃபூர்க்காவை நினைத்துச் சிரிக்க ஆயத்தமாக அமர்ந்திருந்த பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறர் வாசலில் மகளுக்காகக் கையேந்தும் ஒரு தகப்பனையே அவர்கள் கண்டார்கள். என் உறவினர் வீட்டுப் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஃபிக்ஹு நூல்களின் நுட்பங்களையெல்லாம் திரைக்கதை பேணியதா என்பது வேறு விவாதம். ஆயின் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 178-ஆம் வசனத்தை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் நான் மாணவர்களிடம் ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டுவதுண்டு. பழிக்குப் பழி வாங்கும் உரிமையைப் பேசும் அதே இடத்தில், மன்னிக்கும் தரப்பாரைக் கொன்றவனின் ‘சகோதரர்’ என்று இறைவன் குறிக்கின்றான். இரத்தம் சிந்திய பின்னும் சகோதரத்துவம் அறுந்துவிடவில்லை என்பது அதன் குறிப்பு. அந்த ஒற்றைச் சொல்லின் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் பல நாள் பாடுபட்டிருக்கின்றேன். அன்றிரவு அந்த முதியவரின் முகம் அதைச் சில நிமிடங்களில் விளக்கிவிட்டது.

அப்படத்துக்காகக் கேரள அரசின் 2004-ஆம் ஆண்டுத் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்புக் கிடைத்தது. சிறந்த நகைச்சுவை நடிகர் என்ற அரசு விருது அதற்குப் பிறகுதான், 2008-ஆம் ஆண்டின் ‘இந்நத்தே சிந்தாவிஷயம்’ படத்துக்காக வந்தது. சிரிக்க வைத்தவரின் கண்ணீரை முதலில் மதித்து, சிரிப்பைப் பின்னர் மதித்த விந்தை இது.

நம் தமிழ் நாட்டிலும் இவ்வழியில் நடந்தவர்கள் உண்டு. வி. கே. ராமசாமி அவர்கள் ‘நாம் இருவர்’ படத்தில் முதியவராக வந்தபோது அவருக்கு வயது 21 அளவே, அது 1947. அன்று பூண்ட முதுமையை வாழ்நாள் முழுவதும் கைவிடாமல், சிரிப்பும் கண்டிப்பும் கலந்த தந்தையாகவே நிலைத்தார். நாகேஷ் அவர்கள் நாடக மேடையில் வயிற்றுவலிக்காரராகச் சிறிது நேரம் தோன்றிக் கைதட்டல் பெற்றவர். பிற்காலத்தில் ‘நம்மவர்’ படத்தில் மகளை இழந்த தந்தையாக நடித்து, 1994-ஆம் ஆண்டின் துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். இவர்கள் மூவரும் சிரிப்பை விட்டுவிட்டு அழுகைக்குப் போனவர்களல்லர். முன்பு சிரிக்க வைத்த அதே குரலால் பின்பு நெஞ்சைத் தொட்டார்கள். நெடுநாள் சிரித்துப் பழகிய வீட்டுக்காரனைப் போல அவர்கள் நமக்கு நெருங்கியிருந்ததனாலேயே, அவர்களுடைய துயரம் நம் வீட்டுத் துயரமாயிற்று.

இதை எண்ணும்போது அரபு இலக்கியத்தில் நான் ஓதிய ஒரு நூல் நினைவுக்கு வருகின்றது. பஸ்ராவைச் சேர்ந்த ஹரீரீ (மறைவு 1122) இயற்றிய மகாமாத் என்னும் அந்நூலில் 50 கதைகள். அவற்றின் நாயகன் ஸரூஜ் நகரத்து அபூஸைத். ஊர் ஊராகச் சென்று, வேடம் மாற்றி, சொல்வன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பறிப்பவன். கஃபூர்க்காவுக்கு மூத்த அண்ணன் என்றே சொல்லலாம். ஐம்பதாம் கதையில் அவன் பஸ்ராப் பள்ளிவாசலில் நின்று, தான் திருந்த வேண்டித் தனக்காக துஆச் செய்யுமாறு மக்களைக் கேட்கிறான். அதுவும் ஒரு வேடமே. ஆயின் மக்களின் துஆ பலித்துவிடுகிறது. நடித்தவன் மெய்யாகவே திருந்தி, இறைவணக்கத்தில் மூழ்கிவிடுகிறான். கதை சொல்லும் ஹாரித் அவனைத் தேடிச் சென்று காணும்போது, அந்தப் பழைய நாவு பாவ மன்னிப்பை வேண்டிக்கொண்டிருக்கிறது. நாவு மாறவில்லை, அது சொல்லும் பொருள் மாறியது. மாணவனாக இருந்த காலத்தில் அக்கதையின் சொல்லழகையே வியந்தேன். அதன் உட்பொருளைப் பெருமழக்காலம் பார்த்த இரவில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

பிறர் நாவைக் கேலி செய்வது விளையாட்டாகத் தொடங்கும். விளையாட்டாகவே முடியும் என்பதற்கு உறுதியில்லை. மலைக்கு அப்பால் நம்மவரைப் ‘பாண்டி’ என்பார்கள்; இப்பால் நாமும் அவர்களைப் பற்றிச் சில சொற்கள் வைத்திருக்கின்றோம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்துப் பூசல் மூண்டபோது, தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி, காட்டு வழியாகக் குழந்தைகளோடு இறங்கி வந்தனர். அணையின் உயரம் பற்றிய வழக்கு, இரவோடு இரவாகப் பேச்சை வைத்து மனிதரைப் பிரிக்கும் வழக்காயிற்று. அந்நாள்களை அறிந்தவர்களுக்கு, ஒருவருடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பதற்கும் அவரை வெறுப்பதற்கும் இடையிலுள்ள வேலி எத்துணை மெல்லியது என்பது விளங்கும்.

மாமுக்கோயாவின் கடைசிக் காலப் படங்களுள் ஒன்றான ‘குருதி’ (2021) அந்த வேலியைப் பற்றியதே. மலைப்பகுதியில் தனித்திருக்கும் ஒரு முஸ்லிம் வீடு. மலைச்சரிவில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த இளைஞனின் தந்தையாக, மூஸா காதர் என்னும் முதியவராக அவர் வருகின்றார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட மாற்றுச் சமயத்து இளைஞன் ஒருவனைக் காவலர் அந்த வீட்டுக்குள் கொண்டுவருகிறார். கொல்லப்பட்டவரின் மகன் பழிவாங்கப் பின்தொடர்கிறான். வீட்டார் யார் பக்கம் நிற்பது? அடைக்கலம் கேட்டவருக்கு அடைக்கலம் தந்து, அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு ஒன்பதாம் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிப்பது என் நினைவுக்கு வந்தது. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டதை அறிந்த எங்கள் பகுதியினருக்கு, அந்த வீட்டின் துயரம் அயலார் துயரமாகத் தோன்றவில்லை. அந்தப் படத்திலும் அவர் சில இடங்களில் சிரிக்க வைக்கிறார். சாவு வாசலில் நிற்கும்போதும் கிழவரின் நாவு பழைய கோழிக்கோட்டு நாவாகவே இருக்கிறது.

2023 ஏப்ரலில் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு கால்பந்துப் போட்டியின் தொடக்க விழாவில் மயங்கி விழுந்து, இரு நாள் கழித்துக் கோழிக்கோட்டு மருத்துவமனையில் உயிர் நீத்தார். திரையுலகத்தின் பெரியவர்கள் பலர் இறுதி மரியாதைக்கு வரவில்லை என்ற மனக்குறை அப்போது எழுந்தது. மரம் அளந்த கல்லாயின் எளிய மக்கள் திரண்டு வந்தார்கள். தங்கள் பேச்சைத் திரையில் தலைநிமிரச் செய்தவருக்கு அவர்கள் செலுத்திய ஜனாஸாக் கடன் அது.

நம் குடும்பத்தாருக்கு நான் வேண்டிக்கொள்வது இதுவே. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது, ‘அத்தா’ என்ற சொல்லைத் தோழர் முன்னிலையில் விழுங்கிக்கொள்கிறார்கள். ‘நன்னா’, ‘நன்னி’ என்று சொல்ல நாணுகிறார்கள். யாரோ சிரித்துவிடுவார்கள் என்ற அச்சம். சிரிக்கட்டும். சிரிப்பவன் நாளடைவில் செவி கொடுத்துக் கேட்பான். கேட்கும்போது நம்மிடம் சொல்வதற்குரிய நற்பொருள் இருக்க வேண்டும். அதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும். இரவல் நாவுக்கு ஒருநாளும் அந்த மதிப்புக் கிடைப்பதில்லை.

மதரஸாவில் அந்த இரு சிறுவர்களும் இப்போதும் கஃபூர்க்காவைப் போல் ஸலாம் சொல்லிக் காட்டுவதுண்டு. நான் தடுப்பதில்லை. சொல்லி முடித்ததும், அந்த ஸலாத்தின் பொருள் என்ன என்று மட்டும் கேட்கின்றேன். “உங்க மேல சாந்தி உண்டாகட்டும், ஹஜ்ரத்” என்று அவர்கள் எங்கள் போடித் தமிழில் விடை சொல்கிறார்கள். மறைந்த அக்கலைஞரின் பிழைகளைப் பொறுத்து, அந்தச் சாந்தியை அவருக்கும் இறைவன் அருள்வானாக.